புடாபெஸ்டில் ஃபிளாட் வாங்கலாமா? – சொத்துக் கேள்வி பதில்

துபாயிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும் வெளிநாட்டு வீட்டு விற்பனைக் கூட்டங்களுக்குப் போய்வந்த குமரி மாவட்ட வாசகர்கள் சிலர் ஹங்கேரி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

துபாயில் வேலை பார்க்கிறேன். புடாபெஸ்ட் 8-வது மாவட்டத்தில் ‘மறுசீரமைப்புப் பகுதி’ என்று சொல்லி, கட்டிக்கொண்டிருக்கும் 45 சதுர மீட்டர் வீட்டைக் காட்டினார்கள். ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகுமாம். நம்பலாமா?
– வாசகர், கருங்கல்

இரட்டிப்பாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

மறுசீரமைப்பு நடப்பது உண்மை. 8-வது மாவட்டமான யோஜெஃப்வாரோஷில் கோர்வின் பகுதியில் 22 ஹெக்டேர் அளவில் பழைய வீடுகளை இடித்து, குடியிருப்பும் அலுவலகமும் கடைத்தெருவும் எழுப்பினார்கள். 2004-ல் தொடங்கியது, கட்டடம் கட்டடமாக எழும்ப 15 ஆண்டுக்கு மேல் பிடித்தது. பக்கத்து 9-வது மாவட்டமான ஃபெரென்ஸ்வாரோஷில் 1990-களில் தொடங்கிய புதுப்பிப்பும் தெருத்தெருவாகத்தான் நகர்ந்தது. லாபம் பார்த்தவர்கள் தூசி பறந்த காலத்தில் வாங்கியவர்கள். இன்று உங்களுக்குச் சொல்லப்படும் விலையில் அந்த வளர்ச்சி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

‘8-வது மாவட்டம்’ என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கோர்வினிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மக்தொல்னா குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அங்கே நடந்தது குடியிருந்தவர்களை அங்கேயே வைத்துக்கொண்டு செய்த சமூகப் புனரமைப்பு. இரண்டு இடத்திலும் வாடகைக்கு வரும் ஆளும் வேறு, விலைக்கு வாங்க வரும் ஆளும் வேறு. தெருப்பெயரும் மனை எண்ணும் தராத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

கைவிடப்பட்ட ஆலை, ரயில்வே நிலங்களில் வரும் திட்டங்களில் ஆபத்து இன்னொரு வகை. 14-வது மாவட்டத்து ராகோஷ்ரென்டெசோ ரயில்வே நிலத்தை அரசு ஓர் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் முதலீட்டாளருக்கு விற்க ஏற்பாடு செய்தது. வானளாவிய கோபுரங்கள் வரும் என்று பேச்சு. ‘மினி துபாய்’ என்றே பெயர் விழுந்தது. 2025 தொடக்கத்தில் புடாபெஸ்ட் மாநகராட்சி தன் நிறுவனம் வழியாக முன்வாங்கும் உரிமையை (வேறொருவருக்கு விற்கும் முன் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை) பயன்படுத்தி அந்த நிலத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. கோபுரத்தை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கியவருக்கு எந்தச் சட்டத்திலும் நிவாரணம் இல்லை. அதனால் படத்தில் வரைந்திருக்கும் பூங்கா, டிராம், பள்ளிக்கூடம் எதற்கும் ஒரு போரிண்ட் (ஹங்கேரி நாணயம்) கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எதிர் மனையில் என்ன உயரத்துக்குக் கட்டலாம் என்பது மாவட்டக் கட்டட விதித் தொகுப்பில் இருக்கும். உங்கள் வழக்கறிஞரை அதை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் போகுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

கட்டி முடியாத வீட்டில் முக்கியமான சிக்கல் பத்திரத்தில்தான். நம்மூர் வில்லங்கச் சான்றும் பட்டாவும் சேர்ந்தது போன்ற ஆவணம் அங்கே ‘துலாய்தொனி லாப்’. மூன்று பாகம் இருக்கும்: முதலாவது சொத்து விவரம், இரண்டாவது உரிமையாளர், மூன்றாவது வில்லங்கம். அடமானம், ஜப்தி, ஆயுள்கால அனுபவ உரிமை, முன்வாங்கும் உரிமை எல்லாம் மூன்றாம் பாகத்தில் வரும். பதிவுக்குக் காத்திருக்கும் மனுக்கள் ஓரக்குறிப்பாக இருக்கும். அதையும் விடாமல் பார்க்க வேண்டும்.

கட்டடம் முடிந்து, குடியேற அனுமதி வாங்கி, அடுக்குமாடியாகப் பதிவான பிறகுதான் உங்கள் வீட்டுக்குத் தனி மனை எண் வரும். அதுவரை முழு நிலமும் ஒரே எண். பெரும்பாலும் அதன்மேல் கட்டுமானக் கடன் கொடுத்த வங்கியின் அடமானம் இருக்கும். கட்டுநர் திவாலானால், தவணை கட்டிய நீங்கள் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்பீர்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் கேளுங்கள். உங்கள் வீட்டை அடமானத்திலிருந்து விடுவிப்பதாக வங்கியின் எழுத்துமூல ஒப்புதல். தேதிக்குப் பதிலாக, முடிந்த வேலையைப் பொறுத்துத் தவணை. கடைசித் தவணை உரிமைப் பதிவுக்குப் பிறகு, அல்லது வழக்கறிஞரின் வைப்புக் கணக்கில். ஒப்படைப்பு தாமதமானால் நாள் கணக்கில் அபராதம். ‘கட்டுநர் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள்’ என்று நீளமான விலக்குப் பட்டியல் இருந்தால் அந்த அபராதம் காகிதத்தோடு சரி.

வாட் வரியையும் பாருங்கள். தகுதியுள்ள புதிய வீட்டுக்கு 5%. பொது விகிதம் 27%. சலுகைக்குக் காலக்கெடு உண்டு. கட்டுமானம் இழுத்து விகிதம் மாறினால் யார் தலையில் என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடமும் பொருள் வைக்கும் அறையும் பெரும்பாலும் தனி விலை.

பழைய கட்டடத்தில் வீடு மலிவாக இருக்கிறதே, அது பரவாயில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

கட்டி முடிந்து நிற்பதால் பத்திரச் சிக்கல் குறைவு. ஆனால் நீங்கள் வாங்குவது நான்கு சுவரோடு முடிவதில்லை. கூரை, படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றிலும் பங்கு வாங்குகிறீர்கள். 19-ம் நூற்றாண்டு இறுதியில் கட்டிய வீடுகளில் நடு முற்றத்தைச் சுற்றித் தொங்கும் திறந்த நடைபாதை இருக்கும். அதைத் தாங்கும் கல்லும் இரும்பும் மழையிலும் பனியிலும் அரிக்கும். குளியலறைக்குக் கீழே போகும் இரும்பு உத்திரமும் அப்படித்தான். இரு உலகப் போர்களுக்கு நடுவில், முக்கியமாக 1930-களில் கட்டிய வீடு என்றால் பாக்சைட் சிமென்ட் கான்கிரீட்டா என்று கட்டாயம் கேளுங்கள். காலப்போக்கில், ஈரமும் சூடும் சேரும்போது அந்தக் கான்கிரீட் வலுவிழக்கும். கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

குடியிருப்புச் சங்க நிர்வாகியிடமிருந்து மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், புதுப்பிப்பு நிதியில் உள்ள இருப்பு, சங்கத்தின் பெயரில் உள்ள கடன், விற்பவர் பராமரிப்புக் கட்டணப் பாக்கி வைக்கவில்லை என்ற சான்று ஆகியவற்றை வாங்குங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். நிதி காலியாக இருந்து கூரை ஒழுகினால் அடுத்த கூட்டத்தில் ஒரேயடியாக வசூல் வரும். கூட்டக் குறிப்பில் ‘நடைபாதை’, ‘கூரை’, ‘ஒத்திவைப்பு’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் என்கிறார்களே?
– வாசகர், குளச்சல்

அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். புடாபெஸ்டில் 2025 ஜனவரி 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை புதிய நாள் வாடகைப் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அறைக்கு ஆண்டுக்கு 38,400 போரிண்டாக இருந்த நிலை வரி 1,50,000 ஆனது. 6-வது மாவட்டமான தெரேஸ்வாரோஷ் 2024-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2026 ஜனவரி முதல் நாள் வாடகையையே தடை செய்தது. மாத வாடகைக்குக் கட்டுப்படியாகாத வீடு வாங்கத் தகுதியில்லாத வீடு.

மார்த்தாண்டத்தில் ரப்பர் வியாபாரம். 6 கோடி போரிண்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். பணம் அனுப்புவது, வரி, மொத்தச் செலவு எப்படி?

ஒரு ரூபாய்க்கு சுமார் 4 போரிண்ட் என்று வைத்தால் வீடு ஒன்றரைக் கோடி ரூபாய். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வெளிநாட்டில் வீடு வாங்கவும் சேர்த்து. இதற்காக இங்கே வங்கிக் கடன் வாங்கி அனுப்ப முடியாது. 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% முன்வரி பிடிக்கும். உங்கள் கணக்கில் 1.40 கோடிக்கு 28 லட்சம். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். தவணை கட்ட வைத்திருக்கும் காசில் இது விழுந்தால் ஒப்பந்தமே உடையும்.

அங்கே சொத்து மாற்று வரி 4%, அதாவது 24 லட்சம் போரிண்ட். வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக விலையில் 0.5 முதல் 1.5%. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் வாங்க அரசு அலுவலக அனுமதி வேண்டும். கட்டணம் 50,000 போரிண்ட். விவசாய நிலம் கிடையவே கிடையாது. ஒப்பந்தம் போட்டபின்தான் அனுமதிக்கு மனு போகும். இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள். முன்பணம் வழக்கமாக 10%. நீங்கள் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்’ என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

வருமானத்தைப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 2,50,000 போரிண்ட் என்று வைத்து, ஒரு மாதம் காலி போனால் ஆண்டுக்கு 27,50,000. வரி 15%, ஆனால் 10% செலவுக் கழிவு உண்டு, ஆக மொத்த வாடகையில் 13.5%, அதாவது 3,71,250. பராமரிப்பு மாதம் 25,000 என்றால் 3 லட்சம். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 10% என்றால் 2,75,000. கையில் நிற்பது 18 லட்சம் சொச்சம். மாற்று வரி, கட்டணங்களையும் சேர்த்துப் போட்ட பணத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே. மிச்ச லாபம் முழுக்க விலை ஏற்றத்தையும் போரிண்டின் போக்கையும் நம்பியது. 2022 அக்டோபரில் ஒரு யூரோவுக்கு 430 போரிண்ட் வரை சரிந்த நாணயம் அது.

விற்கும்போது லாபத்துக்கு 15% வரி. வாங்கிய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் முழு லாபத்துக்கும். பிறகு ஆண்டுதோறும் லாபத்தில் 90, 60, 30 சதவீதத்துக்கு மட்டும் என்று குறைந்து, ஐந்தாம் ஆண்டுக்குப்பின் அங்கே வரி இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு இங்கே கணக்கு தனி. வாடகையையும் விற்பனை லாபத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி கழிவு கேட்கலாம். வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வீட்டைக் காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும்.

யாரிடம் விற்பீர்கள் என்பதும் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. 2025 செப்டம்பரில் ஹங்கேரி அரசு முதல் வீடு வாங்குவோருக்கு 3% வட்டிக் கடன் கொண்டுவந்தது. சதுர மீட்டருக்கு 15 லட்சம் போரிண்டைத் தாண்டும் வீட்டுக்கு அது கிடையாது. அந்தக் கோட்டுக்கு மேல் வாங்கினால், உள்ளூர் இளம் குடும்பங்கள் உங்கள் வீட்டுப் பக்கம் வருவது கடினம்.

வீடு வாங்கினால் அங்கே வசிக்க அனுமதி கிடைக்குமா?
– வாசகர், தக்கலை

கிடைக்காது. 2024-ல் வந்த விருந்தினர் முதலீட்டாளர் திட்டத்தில் 5 லட்சம் யூரோவுக்கு நேரடியாக வீடு வாங்கும் வழி ஒன்று அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வருமுன்பே நீக்கிவிட்டார்கள். இன்னும் அந்தப் பழைய நோட்டீஸை நீட்டுபவர் உண்டு.

நேரில் போக முடியாது. பவர் கொடுத்து வாங்கலாமா? வாடகைக்காரர் காலி செய்யாவிட்டால்?
– வாசகர், குழித்துறை

கொடுக்கலாம், ஆனால் கட்டுநர் காட்டும் வழக்கறிஞருக்கு வேண்டாம். மனை எண், அதிகபட்ச விலை, செல்லுபடியாகும் தேதி மூன்றும் எழுதிய பவர் பத்திரமாக இருக்கட்டும். விற்கவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் தராதீர்கள். நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, ஹங்கேரிய மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தாலும் பொதுவாக ஹங்கேரிய வாசகமே செல்லும் என்று எழுதியிருப்பார்கள்; உங்கள் மொழிபெயர்ப்பாளர் படிக்க வேண்டியது அதைத்தான்.

வாடகைக்காரர் விஷயத்தில், குறித்த தேதியில் காலி செய்வதாக அவர் அங்குள்ள நோட்டரி முன் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அது கையில் இருந்தால் நீண்ட வழக்கு இல்லாமல் வெளியேற்ற நடவடிக்கைக்குப் போகலாம். அப்போதும் குளிர்காலத்தில் வெளியேற்றத் தடை உண்டு. வழக்கமான இரண்டு மாத முன்பணம் அந்த மாதங்களுக்குப் போதாது. ஆகவே மின்சாரம், எரிவாயு இணைப்புகளை அவர் பெயருக்கு மாற்றி, சாவி கொடுக்கும் அன்றே மீட்டர் எண்களைப் படத்தோடு குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள்.