டாய்லெட் கதவு மூடலைன்னா பாய்மரத்தடியைப் பாருங்க

கேள்வி: அண்ணா வணக்கம். நான் சான் பிரான்சிஸ்கோ பக்கம் அலமீடால இருக்கேன். 1979ல கட்டின 30 அடி பைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒண்ணு கம்மி விலைக்குக் கிடைச்சுதுன்னு படகைச் சோதிச்சு சொல்ற சர்வேயரைக்கூட கூப்பிடாம வாங்கிட்டேன். இப்ப பாய்மரம் நிக்கிற இடத்துல டெக் (படகோட மேல்தளம்) லேசா குழிஞ்சிருக்கு, பக்கத்துல கால் வச்சா அமுங்குது. பாய்மரத்தைப் பிடிச்சு நிக்க வைக்கிற சைடு கம்பிகளை எத்தனை தடவை டைட் பண்ணாலும் ரெண்டு தடவை ஓட்டினா லூஸ் ஆயிடுது. உள்ள டாய்லெட் கதவு வேற மூட மாட்டேங்குது. டெக்ல துளை போட்டு, ஒட்டி இறுகுற ரெசினான எபாக்ஸியை ஊசியால ஏத்தினா போதும்னு பக்கத்துப் படகுக்காரர் சொல்றார். செய்யலாமா?

பதில்: தம்பி, ஊசி போடாதீங்க, முக்கியமா அந்தக் கம்பியை இனிமே டைட் பண்ணவே பண்ணாதீங்க. நீங்க நாலு பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அது ஒரே பிரச்சனையாத்தான் தெரியுது.

உங்க படகுல பாய்மரம் டெக்கைத் துளைச்சுக்கிட்டு கீழ போகல, டெக் மேலயே நிக்குது. காத்து அடிக்கும்போது கம்பிங்க இழுக்குற இழுப்பு மொத்தமும் பாய்மரத்தைக் கீழ அமுக்கும், டன் கணக்குல. அந்தப் பாரம் டெக் வழியா, அதுக்கு நேர் கீழ கேபினுக்குள்ள நிக்கிற தூணுக்கு வந்து, தூணுக்கு அடியில இருக்குற மரக்கட்டை வழியா கீலுக்கு, அதாவது படகோட அடியில நீட்டிக்கிட்டு இருக்குற கனமான பாகத்துக்குப் போகணும். அந்தக் கட்டை படகோட அடித்தண்ணி தேங்குற இடத்துல 40 வருஷத்துக்கு மேல ஊறிக்கிட்டு இருக்கு. அது மக்கினா தூண் இறங்கும், தூண் இறங்கினா டெக் இறங்கும், டெக் இறங்கினா கதவுச் சட்டம் கோணிக்கும், பாய்மரமும் சேர்ந்து இறங்கினதால கம்பி லூஸ் ஆகும். நீங்க டைட் பண்ற ஒவ்வொரு தடவையும் அதை இன்னும் கொஞ்சம் கீழ தள்ளுறீங்க.

முதல்ல தரைப்பலகையைக் கழட்டி தூணோட காலடியைப் பாருங்க, ஸ்க்ரூடிரைவரால குத்தினா கட்டை கேக் மாதிரி உள்ள போச்சுன்னா அதான் நோய். அப்புறம் டெக். உங்க டெக் ஒரே பலகை இல்ல, மேலயும் கீழயும் பைபர் தோல், நடுவுல பால்சாங்கிற லேசான மரமோ பிளைவுட்டோ வச்ச சாண்ட்விச். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்போம்ல, அதே மாதிரி சின்ன சுத்தியலோட பிளாஸ்டிக் முனையால ரெண்டு விரல் இடைவெளி விட்டு தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடம் டக் டக்னு கணீர்னு கேக்கும், ஊறின இடம் பொத் பொத்னு செத்த சத்தம் போடும். சாக்பீஸால கோடு போட்டுக்கங்க. மாய்ஸ்சர் மீட்டர் இருந்தா நல்லதுதான், ஆனா உள்ள போல்ட்டோ தண்ணி டேங்க்கோ இருந்தா அது தப்பா காட்டும், அதை மட்டும் நம்பி டெக்கை அறுத்துடாதீங்க. சந்தேகம் இருக்குற இடத்துல கேபின் உள்பக்கத்துல இருந்து சின்னதா ஒரு துளை, மேல் தோலைத் தொடாம. வர்ற தூள் வெளுப்பா காஞ்சு இருந்தா தப்பிச்சீங்க, காப்பிப்பொடி கலர்ல ஈரமா நாத்தத்தோட வந்தா அந்த இடத்தைத் திறந்தே ஆகணும்.

ஊசி ஏன் வேண்டாம்னா, ஊறின மரத்துல எபாக்ஸி ஒட்டாது, ரெண்டு தோலுக்கு நடுவுல மாட்டின மரம் துளை வழியா காயவும் காயாது. நான் நாகப்பட்டினத்துல மீன்பிடி பைபர் படகு ரிப்பேர் பட்டறையில வேலை கத்துக்கிட்டவன், ஈரத்து மேல ரெசின் போட்டு மூடினது அடுத்த சீசன்ல தோல் தோலா உரிஞ்சு வந்ததை என் கையாலயே பிரிச்சிருக்கேன்.

வேலைன்னு இறங்கினா, கிரேன் வச்சு பாய்மரத்தைக் கழட்டிடுங்க, படகு தரையில ஏறி நிக்கட்டும். தூணுக்குப் பக்கத்துல ஹைட்ராலிக் ஜாக்கி வச்சு, மேலயும் கீழயும் அகலமான பலகை கொடுத்து, டெக்கை ஒரு நாளைக்குக் கொஞ்சமா தூக்குங்க, கதவு தானா மூட ஆரம்பிக்கிறப்ப சரியான உயரத்துக்குக் கிட்ட வந்துட்டீங்கன்னு தெரியும். மக்கின கட்டையை எடுத்துட்டு அங்க திரும்ப மரம் வைக்காதீங்க, கெட்டியான பைபர் கிளாஸ் பிளாக் வைங்க, அது தண்ணியில மக்காது. டெக்ல மேல் தோலை மட்டும் வெட்டி எடுத்து பத்திரமா வைங்க, உள்ள ஊறினதைச் சுரண்டி, நல்லா காயவிட்டு, புது பால்சா வச்சு, பாய்மரத்துக்கு நேர் அடியில மட்டும் அதே கெட்டி பைபர் வச்சு, கெட்டிப்படுத்தின எபாக்ஸியில தோலைத் திரும்ப ஒட்டுங்க. வெட்டின ஓரத்தை தோல் கனத்துக்கு 12 மடங்கு அகலமா சரிவா தேச்சு, அந்தச் சரிவு மேல கிளாஸ் துணி அடுக்கடுக்கா வரணும், இதுல அவசரப்பட்டா வெட்டின கோட்டுலயே திரும்ப வெடிக்கும். உங்க படகை வார்த்த பழைய பாலியஸ்டர் ரெசின் மேல புது பாலியஸ்டர் ரெசினை விட எபாக்ஸி நல்லா பிடிக்கும், காசைப் பார்க்காதீங்க. எபாக்ஸி வெயில்ல கெடும், மேல பெயிண்ட் கட்டாயம். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாம கிரைண்டரைத் தொடாதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இவ்வளவும் பண்ணிட்டு தண்ணி வந்த வழியை விட்டுட்டா திரும்ப இதே கதைதான். டெக்ல இருக்குற ஒவ்வொரு போல்ட் ஓட்டையையும் பெருசாக்கி, எபாக்ஸியால அடைச்சு, அது நடுவுல புதுசா துளை போட்டு, தண்ணி புகாம அடைக்கிற பியூட்டைல் ரப்பர் டேப் வச்சு மாட்டுங்க.

கேள்வி: எங்க படகு கீலோட முன்பக்கம், உடம்போட சேர்ற இடத்துல சிரிச்ச வாய் மாதிரி ஒரு கீறல். வருஷா வருஷம் பட்டி வச்சு பெயிண்ட் அடிக்கிறோம், திரும்ப வந்துடுது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை பாறையில லேசா இடிச்சோம். பயப்படணுமா? — சிட்னி வாசகர்

பதில்: ஆமா, பாறையில இடிச்சேன்னு எழுதினதால சொல்றேன், பயப்படுங்க. இடுக்கை அடைக்கிற வெறும் சீலன்ட் வயசாகி விட்டுப்போனாலும் இந்தக் கீறல் வரும்தான், ஆனா பாறையில இடிக்கும்போது கீலோட முன்முனை கீழ இழுபடும், பின்முனை படகோட வயித்துல மேல குத்தும். அதனால கீறலை மட்டும் பார்க்காதீங்க, உள்ள கீல் பின்பக்கம் வர்ற இடத்துல குறுக்குச் சட்டங்கள் உடம்பை விட்டு உரிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கிரேன் பெல்ட்ல தொங்கும்போது கீறல் அகலமாகுதா, கீழ வச்சா மூடுதான்னு கவனிங்க. தரையில ஏத்தி நாள் கழிச்சும் துருத்தண்ணி வடிஞ்சா கீல் போல்ட்டுக்குத் தண்ணி போயிருக்கு, கீலை இறக்கி போல்ட்டை முழு நீளத்துக்குப் பார்க்கணும்.

2014 மே மாசம் சீக்கி ரஃபிகிங்கிற 40 அடி படகு ஆன்டிகுவால இருந்து இங்கிலாந்து திரும்பும்போது அட்லாண்டிக்ல கீல் கழண்டு கவிழ்ந்து 4 பேரும் போயிட்டாங்க. முன்னாடி தரை தட்டினதும் அதுக்கப்புறம் செஞ்ச ரிப்பேரும் சேர்ந்து கீலைப் பிடிக்கிற அமைப்பை பலவீனமாக்கியிருக்கலாம்னுதான் பிரிட்டன் கடல் விபத்து விசாரணை அறிக்கை சொல்லுச்சு. உங்க ஊர் சர்வேயர் பார்த்து எழுதிக் கொடுக்குற வரைக்கும் படகைத் தண்ணியில இறக்காதீங்க.

கேள்வி: பாய்மரக் கம்பியைப் பிடிக்கிற ஸ்டெயின்லெஸ் பட்டை டெக்குக்குள்ள இறங்குற இடத்துல பழுப்பா கறை வடியுது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதுன்னாங்களே? — சிங்கப்பூர் வாசகி

பதில்: காத்து படுற வரைக்கும்தான் பிடிக்காது மா. டெக் கனத்துக்குள்ள காத்தில்லாம உப்புத்தண்ணியில மாட்டிக்கிட்டா, வெளிய பளபளன்னு இருந்துக்கிட்டே உள்ள அரிச்சுடும், ஒரு நாள் சொல்லாம கொள்ளாம முறியும், பாய்மரமும் கூடவே போயிடும். கறையைத் துடைச்சுட்டு விட்டுடாதீங்க. ஒவ்வொரு பட்டையா கழட்டி, வெடிப்புக்குள்ள சாயம் இறங்கிக் காட்டிக் கொடுக்குற டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடிச்சு வெடிப்பு தெரியுதான்னு பாருங்க, ஒண்ணுல இருந்தாலும் எல்லாத்தையும் மாத்திடுங்க. கழட்டின கையோட அது போல்ட் போட்டிருந்த மரத்தடுப்பையும் ஊசியால குத்திப் பாருங்க, அந்தக் கறைத்தண்ணி அது வழியாத்தான் இறங்கியிருக்கு.