மோட்டார்ஹோமுக்குப் பின்னால் வரும் காரைக் கல்லடியிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: வரும் கோடையில் சியாட்டிலிலிருந்து மோட்டார்ஹோமில் (தங்கும் வசதிகள் கொண்ட பெரிய வண்டியில்) அலாஸ்காவுக்குச் செல்கிறோம். எங்கள் ஜீப் ராங்லர் காரை டோ பாரில் (வண்டியின் பின்னால் காரை இணைத்து இழுக்கும் உலோகத் தண்டில்) பூட்டி, நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துச் செல்வோம். காரின் முகப்புக்கு உறை போட்டால் போதுமா?

பதில்: போதாது. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடியும் அலாஸ்கா நெடுஞ்சாலை 2,200 கி.மீ.க்கும் அதிக நீளமுடையது. இன்று அது பெரும்பாலும் தார்ச்சாலைதான் என்றாலும், அடியிலுள்ள உறைநிலம் இளகிச் சாலை மேடுபள்ளமாவதால் கோடைதோறும் பழுதுபார்ப்பு நடக்கும், அவ்விடங்களில் சரளையின்மீதே ஓட்ட வேண்டியிருக்கும்.

மோட்டார்ஹோமின் பின் சக்கரங்கள் கிளப்பிவிடும் கல் காரைத் தேடி வந்து அடிப்பதைவிட, ஓரிரு மீட்டர் பின்னால் வரும் கார்தான் அந்தரத்தில் நிற்கும் கல்லின்மீது போய் மோதுகிறது எனலாம். எனவே வேகமே முதல் எதிரி. மணிக்கு 90 கி.மீ.யிலிருந்து 60-க்குக் குறைத்தால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காசு செலவில்லாத காப்பும் இதுதான்.

அடுத்து, கல்லைக் கிளம்பும் இடத்திலேயே தடுக்கப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் தடித்த ரப்பர் மட் ஃபிளாப் (சக்கரத்தின் பின்னே தொங்கும் தடுப்புப் பட்டை) பொருத்துங்கள். வண்டியின் முழு அகலத்துக்கும் தொங்கும் ஒரே பட்டையை, எஞ்சினும் ரேடியேட்டரும் பின்புறம் உள்ள டீசல் வண்டிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது காற்றோட்டத்தை மறித்து எஞ்சினைச் சூடேற்றக்கூடும். டோ பாரில் பொருத்தும் தடுப்புப் பலகை நல்லதுதான், ஆனால் அது நிமிர்ந்து நின்றால் கல் அதில் பட்டுத் திரும்பி மோட்டார்ஹோமின் பின்பக்கத்தையே பதம்பார்க்கும். தரையை நோக்கிச் சாய்ந்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். மாட்டியதும் காலி மைதானத்தில் இருபுறமும் முழுக்கத் திருப்பி, பாதுகாப்புச் சங்கிலியும் பிரேக் கம்பியும் பலகையில் உரசுகின்றனவா என்று ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணி உறையில் ஒரு சிக்கல் உண்டு. தளர்ந்த உறைக்கு அடியில் புழுதி புகுந்து, நாள் முழுவதும் காற்றில் படபடத்தால், அது உப்புத்தாள் தேய்ப்பது போலப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். பானெட்டுக்கும் பம்பருக்கும் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒட்டுவதே மேல். உறைதான் வேண்டுமென்றால் இறுக்கமாகப் பூட்டி, மாலைதோறும் கழற்றி உதறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கண்ணாடியில் சிறு கல்வடு விழுந்தால், ஈரமும் தூசியும் புகுமுன் அதன்மேல் ஒளிபுகு டேப்பை ஒட்டிவிட்டு, அடுத்த ஊரிலேயே ரெசின் என்னும் பிசினை நிரப்பச் செய்யுங்கள்.