சுக்குக் காப்பிக்கு மாறியும் தூக்கம் வரவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 54, கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். நாளொன்றுக்கு ஐந்து டம்ளர் ஃபில்டர் காப்பி குடிப்பேன். தூக்கமின்மையாலும் நெஞ்செரிச்சலாலும் மாலைக் காப்பியை நிறுத்திச் சுக்குக் காப்பிக்கு மாறினேன், பலனில்லை. மகன் காஃபீன் நீக்கிய காப்பித்தூள் வாங்கி வந்திருக்கிறான். குடிக்கலாமா?

பதில்: அம்மா, அந்தச் சுக்குக் காப்பியில் என்னென்ன சேர்கிறது என்று முதலில் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி என்பதோடு நின்றுவிடும். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி உங்கள் கேரளப் பக்கம் வந்தால் அதில் பெரும்பாலும் ஒரு கரண்டி காப்பித்தூளும் விழும். குடித்த காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும்.

மகன் வாங்கிய தூளைத் தாராளமாகக் குடிக்கலாம். வறுப்பதற்கு முன், பச்சைக் கொட்டையிலேயே காஃபீனில் 97 சதவீதத்துக்கும் மேல் நீக்கிவிடுகிறார்கள். கோப்பைக்குச் சில மில்லிகிராம்தான் மிஞ்சும். தூக்கத்துக்கு இது உதவும். நெஞ்செரிச்சலுக்கு அவ்வளவாக உதவாது. ஏனெனில் வயிற்றில் அமிலத்தைத் தூண்டுவது காஃபீன் மட்டுமன்று. சிக்கரியில் காஃபீன் அறவே இல்லை, ஆனால் சிலருக்கு வயிறு உப்பும்.

காலையில் தைராய்டு மாத்திரையை எதனுடன் விழுங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் டம்ளர் காப்பியோடு விழுங்குபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிச் செய்தால் மருந்து முழுமையாக உட்கிரகிக்கப்படாது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, எந்தக் காப்பியானாலும் ஒரு மணி நேரம் கழித்தே குடியுங்கள்.

ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பொதுவாகத் தீங்கில்லை என்றாலும், தூக்கம் கெட்டபின் அந்தக் கணக்குக்குப் பொருளில்லை. நண்பகலுக்குப் பின் காஃபீன் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி தொடங்கும். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள்.

இதுவரை மாத்திரையைக் காப்பியுடன் விழுங்கியிருந்தால், இனி அதே அளவு மருந்து கூடுதலாக உடலில் சேர்ந்து, படபடப்பையும் தூக்கமின்மையையும் அதுவே உண்டாக்கக்கூடும். ஆகவே மாத்திரை நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.