முன்னால் நிற்பவரின் கூடை

அன்புள்ள அம்மா,

உணவு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். எனக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதனால் எதை வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன்.

சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தில்லைநகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கூடவே எட்டு வயதுப் பையன். அந்தப் பெண்ணின் கூடையில் இட்லி மாவு பாக்கெட் இரண்டு, பாதி சுட்ட சப்பாத்தி, இஞ்சி பூண்டு விழுது, நூடுல்ஸ், சிப்ஸ் நான்கு பாக்கெட், இரண்டு லிட்டர் குளிர்பானம் ஒன்று. காய்கறி என்று ஒரு தக்காளிகூட இல்லை. என் கூடையில் கேழ்வரகு, சாமை, கொண்டைக்கடலை, இரண்டு கட்டுக் கீரை. மனம் கேட்கவில்லை. பையனிடம், "தம்பி, இதெல்லாம் உடம்புக்கு ஆகாது, அம்மாவிடம் சொல்" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. குளிர்பான பாட்டிலை மட்டும் கூடையிலிருந்து எடுத்துக் கவுண்டர் பக்கத்தில் மிட்டாய்த் தட்டின் கீழே வைத்துவிட்டுப் பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே மிக்சர் டப்பா, அதையும் அந்தப் பையனுக்குக் காட்டியிருக்கலாமே" என்றாள். அன்றிலிருந்து அந்த பாட்டில் கண்ணில் நிற்கிறது. நான் சொன்னது பலித்தது என்று எடுத்துக்கொள்வதா, தவறு செய்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வதா? கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

க. ரா.,
திருச்சி

*

அன்புள்ள ஐயா,

முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் எழுத வேண்டியதில் பாதியை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பார்த்ததில் தவறு ஏதும் இல்லை. பில் வரிசையில் நிற்கிறவர் வேறு எதைத்தான் பார்ப்பார்? நானும் பார்ப்பேன், உங்களைவிடக் கூர்ந்து. அரை லிட்டர் பால், ஒரு பிரெட், நான்கு முட்டை, இரண்டே இரண்டு வாழைப்பழம் என்றால் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளக் கட்டு, மாவடு எல்லாம் இரட்டை இரட்டையாக இருந்தால் யார் வீட்டுப் பிள்ளையோ விமானம் ஏறப் போகிறது. ரவை, முந்திரி, நெய், அதோடு ஒரு கட்டுக் காகிதத் தட்டு என்றால் பெண் பார்க்க வருகிறார்கள். என் ஊகம் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் இருக்கும். சரிபார்க்க வழியில்லை என்பதால் நானே எனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இப்படிப் பார்க்கக் கிடைப்பது நமக்குப் புதிது. என் சிறு வயதில் மளிகை வாங்குவது என்றால் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். துவரம்பருப்பில் தொடங்கிக் கட்டிப் பெருங்காயத்தில் முடியும். அண்ணாச்சி கடைப் பையன் எல்லாவற்றையும் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, சாக்குப்பையில் போட்டுச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான். கடையில் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் பொட்டலம்தான். உள்ளே இருப்பது அண்ணாச்சிக்கு மட்டும் தெரியும். இருபதாம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டுச் சீட்டில் துவரம்பருப்பு கால் கிலோவாக இளைக்கும், கடலைப்பருப்பு காணாமலே போகும், கணக்கு நோட்டில் பாக்கி மட்டும் கொழுக்கும். எங்கள் வீட்டு நிலவரம் என் சித்தப்பாக்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு நாளும் அவர் என்னிடம், "என்ன பாப்பா, பருப்பு குறைந்துவிட்டதே" என்று கேட்டதில்லை. அவரைப் புனிதர் ஆக்கவில்லை. தராசில் அவர் கை செய்த வேலை தனிக் கதை.

1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். கடை ஆள் எடுத்துத் தருவதற்குப் பதிலாக, வாடிக்கையாளர் கையில் கூடையைக் கொடுத்து, 'நீங்களே எடுத்து வாருங்கள்' என்று உள்ளே விட்ட கடை. ஆள்கூலி மிச்சம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு நம் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது சீட்டு போயிற்று, பொட்டலமும் போயிற்று. வீட்டுச் சமையலறை ஒரு கூடையில் ஏறி, ஊர் பார்க்க வரிசையில் நிற்கிறது. அண்ணாச்சி ஒருவருக்குத் தெரிந்தது இன்று முன்னும் பின்னும் நிற்கும் ஏழு பேருக்குத் தெரிகிறது. நாம் நாளைக்கும் கடைக்கு வர வேண்டும் என்ற கவலை அண்ணாச்சிக்கு இருந்தது. அது அவர் வாயைக் கட்டியது. பில் வரிசையில் நமக்கு அந்தக் கவலையும் கிடையாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு முறை திரும்பப் படியுங்கள். அந்தக் கூடையில் நீங்கள் முதலில் எழுதியிருப்பது எது? சிப்ஸும் இல்லை, குளிர்பானமும் இல்லை. இட்லி மாவு. அதற்கு அடுத்தது பாதி சுட்ட சப்பாத்தி, பிறகு இஞ்சி பூண்டு விழுது. இட்லி மாவில் அப்படி என்ன கெடுதல்? அரிசியும் உளுந்தும்தானே? இந்த மூன்றும் உங்கள் கண்ணில் முதலில் பட்டதற்குச் சர்க்கரை நோய் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பெண் வீட்டில் அரைக்கவில்லை, தேய்க்கவில்லை, பூண்டு உரிக்கவில்லை என்பதுதான் நீங்கள் படித்த செய்தி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1950இல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வேடிக்கையான சோதனை நடத்தினார். ஏழு பொருள்கள் கொண்ட இரண்டு மளிகைச் சீட்டுகள். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு என்று ஆறு பொருள்கள் இரண்டிலும் ஒன்றேதான். ஏழாவது மட்டும் ஒன்றில் வழக்கமான காப்பித்தூள், மற்றதில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் இன்ஸ்டன்ட் காப்பி. இல்லத்தரசிகளிடம் ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். இன்ஸ்டன்ட் காப்பிச் சீட்டைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். வீட்டுக் காரியங்களைத் திட்டமிடத் தெரியாதவள் என்றார்கள். நல்ல மனைவி இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு டப்பா காப்பி! ஆறு பொருள்கள் ஒத்துப்போயும் அவளைக் காப்பாற்றவில்லை.

நம் ஊரில் அந்த ஏழாவது பொருள் மாவு பாக்கெட். ஆட்டுக்கல்லில் ஆட்டிய என் பாட்டி, கிரைண்டர் மாவைத் தொட்டுப் பார்த்து, "சூடேறிப் போச்சு" என்று முகம் சுளித்தார். கிரைண்டரில் அரைத்த என் அம்மா, பாக்கெட் மாவை மோந்து பார்த்து, "என்றைக்கு அரைத்ததோ" என்பார். நான் பாக்கெட் வாங்குகிறேன். வாங்கிக் கூடையில் வைத்ததும், அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், இத்தனை ஆண்டுகள் உணவு பற்றி எழுதிக் கிழித்த பிறகும்.

ஒன்று கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அந்த வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக அவர் கணவர், நல்ல உயரமும் மீசையுமாக, அதே கூடையோடு நின்றிருந்தால் அந்தப் பையனிடம் பேசியிருப்பீர்களா?

மறைப்பது என்னோடு முடிகிற பழக்கம் இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எங்கள் தெருவில் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். கேட்டால், "மாவுக்கு மட்டும்தான் போடுவோம்" என்பார் ஒருவர். "வேலை செய்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிடுவோம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வீட்டில் கோழிக்குப் போகும். அதைச் சோறாக வடித்து உண்பதாக ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. மதியம் பன்னிரண்டரைக்குத் தெருவில் நடந்தால் நான்கு வீட்டுக் குக்கரிலிருந்து அந்தப் புழுங்கல் வாசனை வருகிறது. நல்ல அரிசிதான். சில மாதம் கல் பொறுக்க வேண்டியிருக்கும்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல். சைவம் மட்டும் என்ற பேச்சில் ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது. வேறு வீடு கிடைக்காததால் தலையாட்டினோம். தம்பிக்கு முட்டை என்றால் உயிர். உடம்பு சரியில்லை, டாக்டர் சொன்னார் என்றெல்லாம் காரணம் கிடையாது, பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா தண்ணீர் வந்ததா என்று கேட்கும் சாக்கில் வந்து, எங்கள் குப்பைக் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் அடுப்பில் கல்லை வைப்பார் அம்மா. முட்டை ஓட்டை உள்ளங்கையில் நொறுக்கி, பில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கையோடு பிசைந்து, செய்தித்தாளில் சுற்றி என் பள்ளிக்கூடப் பையில் வைப்பார். திங்கட்கிழமை காலையில் இரண்டு தெரு தாண்டி, மாநகராட்சித் தொட்டியில் நான் போட வேண்டும். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். யாராவது பையைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று வயிற்றைக் கலக்கும். இன்றும் கோயிலில் சாம்பிராணி மணத்தால் எனக்கு ஆம்லெட் நினைவுதான் வருகிறது.

உங்களை அந்த அம்மாவோடு ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. அவர் பார்வையில் சாதி இருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமும் இருந்தது. உங்களிடம் அக்கறை இருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் நம் ஊரில் அடுத்தவர் பையைப் பார்ப்பது நீங்களும் நானும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை. பார்க்கப்படுகிறவருக்கு உங்கள் அக்கறை முகத்தில் எழுதியா தெரியும்?

சரி, அக்கறைக்கே வருவோம். குளிர்பானம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. சாதாரணக் கோலா வகையில் நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டு லிட்டர் பாட்டிலில் இருநூறு கிராமைத் தாண்டிவிடும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உங்கள் மகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது வீட்டில் என்ன வாங்கினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் வரும் சத்துப்பானப் பொடி இருந்திருக்குமே? பாலில் இரண்டு கரண்டி, பையன் அடம்பிடித்தால் மேலே ஒரு சிட்டிகை. மத்தியதர வீட்டு அலமாரியில் அதுதான் பெருமை. 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை அமைச்சகம், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். அந்தக் காலத்தில் அந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு நீங்கள் வரும்போது யாரும் உங்கள் மகனிடம் குனிந்து எதுவும் சொல்லவில்லை. பார்த்தவர்கள், 'பிள்ளைக்கு நல்லதாகப் பார்த்து வாங்குகிறார்' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

(கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாலும் சர்க்கரை ஏறும், ஐயா. களியோ கஞ்சியோ, அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது கூடையைப் பார்த்துச் சொன்னது இல்லை. நீங்களே எழுதியதால் சொல்கிறேன்.)

அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒரு துயரக் காரணம் இருந்திருக்கும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், இரவு வேலை பார்க்கிறவராக இருக்கலாம், அடுப்பு பழுதாகியிருக்கலாம். நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால், காரணம் இருக்கிறவர்கள் மட்டும் சிப்ஸ் வாங்கலாம் என்றாகிவிடும். காய்கறியைச் சனிக்கிழமையே சந்தையில் வாங்கியிருக்கலாம். வாரம் தவறாமல் அதே கூடைதான் என்றும் இருக்கலாம். நமக்குத் தெரிந்தது அந்த ஒரு கூடை, பத்து நிமிடம்.

இனி அந்த பாட்டில். நீங்கள் சொன்னது பலித்ததா என்று கேட்டீர்கள். நானும் வரிசைகளில் பேச்சு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் எதையாவது எடுத்து வெளியே வைத்துவிட்டால் பேசுகிறவர் திருப்தியாகி நிறுத்திவிடுவார். அதற்காக வைத்தது அது. நானாக இருந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக் கொடுத்திருப்பேன், பையன் அழாமல் இருக்க. ஆகவே தவறுதான், ஐயா. சின்னத் தவறு. அதுவும் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லாமல் பையனைத் தூதனுப்பியதில் கொஞ்சம் கூடுதல். தன் அம்மா பதில் சொல்லாமல் நின்றதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதமும் முதல் ஞாயிறு அதே கடைக்குப் போவீர்கள். அவர்களும் வரலாம். அப்போது மன்னிப்புக் கேட்டு அதையும் ஒரு காட்சியாக்க வேண்டாம். வரிசையில் இடம் விடுங்கள், போதும். மிக்சர் டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றுவதிலும் பயனில்லை. உங்கள் மனைவி கண்டுபிடித்துவிடுவார்.

நேற்று மாலை நானும் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு பாக்கெட் மாவு, ஒரு கட்டு முருங்கைக்கீரை. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் என்பதால் கீரையைக் கீழே வைத்து மாவை மேலே வைத்தேன். கவுண்டர் நெருங்க நெருங்க, என்னை அறியாமல் கீரை மேலே வந்துவிட்டது.

அன்புடன்.