ஸ்டார் ட்ரெக் சீருடையை ஆபீசுக்குப் போட்டுப் போகலாமா? தையல் கேள்வி பதில்

நான் தைத்த நீல உடுப்பின் படத்தைப் பார்த்துவிட்டு, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், விண்கலத்தில் வேலை செய்யும் பெண்கள் போடும் கவுன்தான் இதற்கு மூலம். ஒரே நிறம், கழுத்தில் கறுப்பு, கை நுனியில் தங்க ஜரிகை, நெஞ்சில் சின்னம், ரொம்பக் குட்டையான பாவாடை. வடிவமைத்தவர் வில்லியம் வேர் தீஸ்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: அப்படியே தைத்தால் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்காதா அக்கா?

இருக்கும்மா. அதனால் எல்லாவற்றையும் எடுக்காதே, இரண்டு போதும். நான் எடுத்தது நிறமும் கறுப்புக் கழுத்தும். ஜரிகைக்குப் பதில் கை நுனியில் மெல்லிய மஞ்சள் பைப்பிங், அதாவது ஓரத்தில் வைத்துத் தைக்கும் ஒல்லித் துணிப்பட்டி. நீளம் முழங்காலுக்குக் கீழே. நெஞ்சில் அந்தச் சின்னத்தைக் குத்திவிட்டால் மட்டும் மற்ற எல்லாம் வீண், பார்க்கிறவர்கள் நேராக நாடகத்துக்கா என்றுதான் கேட்பார்கள். ஆசை விடவில்லை என்றால் கைப்பையில் குத்திக்கொள்.

மஞ்சக்குப்பம்: துணி என்ன எடுப்பது? அந்தத் தொடரில் வெல்வெட் மாதிரி பளபளக்கிறதே?

அது வெலோர், வெல்வெட்டுக்குப் பக்கத்து வகை. அந்த நடிகர்களுக்கே அது தொல்லை கொடுத்தது. துவைக்கத் துவைக்கச் சுருங்கியது, தையலில் கிழிந்தது. மூன்றாவது சீசனில் அதைக் கைவிட்டு நைலான் பின்னல் துணிக்கு மாறினார்கள். ஸ்டுடியோவிலேயே அந்தக் கதி என்றால், மே மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள்!

நம் ஊர்க் கடல்காற்று ஈரத்துக்கு கனமான காட்டன் பாப்ளின் அல்லது காட்டன் லினன் எடுங்கள். இந்த உடுப்பின் அழகே அதன் நேர்க்கோடுகள்தான், அதற்குத் துணி கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும். ரேயான் குளுகுளு என்று இருக்கும், ஆனால் தொளதொளவென விழுந்து நைட்டி ஆகிவிடும். 44 அங்குல அகலத் துணி என்றால் சராசரி உடம்புக்கு முக்கால் கையோடு 3 மீட்டர் வாங்குங்கள், கழுத்துக்குக் கறுப்பு கால் மீட்டர். வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் சுருங்குவதைத் தைத்த பிறகு பார்த்து அழ வேண்டாம்.

முத்தியால்பேட்டை: சிவப்பில் கறுப்புக் கழுத்து வைத்தால் கட்சிக்கொடி மாதிரி ஆகிவிடாதா?

ஆகும்! தேர்தல் நேரத்தில் ஆளைப் பிடித்து மேடையேற்றிவிடுவார்கள். கழுத்துப்பட்டையைக் கால் அங்குலப் பைப்பிங்காகச் சுருக்கிவிடுங்கள், கொடி தெரியாது. அல்லது நீலத்துக்குப் போங்கள், அந்தத் தொடரில் அது அறிவியல், மருத்துவப் பிரிவின் நிறம். கேப்டனின் தங்க மஞ்சளைக் கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: அந்தச் சட்டை நிஜத்தில் பச்சை கலந்தது. விளக்கொளியிலும் படச்சுருளிலும்தான் அது பொன்னிறமாகத் தெரிந்தது. நேரு வீதிக் கடைகளிலும் இதே கதைதான். டியூப் லைட் வெளிச்சத்தில் நிறத்தை நம்பாமல், துணியை வாசல்வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அரியாங்குப்பம்: கறுப்புச் சாயம் இறங்கி மஞ்சள் துணி பாழாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் போட்டால் நிற்குமா?

நிற்காது. உப்பு, சாயத் தொட்டியில் சாயம் ஏற உதவும். ஏற்கெனவே சாயமேறிய துணியில் அதைப் பிடித்துவைக்காது. கறுப்புத் துண்டை ஈரமாக்கி, வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் கறை பட்டால், தண்ணீர் தெளிகிறவரை தனியாக அலசுங்கள். தெளியவே இல்லையா, வேறு துணி வாங்குங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ‘பிரின்சஸ் கட்’ வெட்டை அளவு சுடிதாரிலிருந்து எப்படி எடுப்பது மேடம்? எனக்கு மார்புப் பக்கம் எப்போதும் சுருக்கம் விழுகிறது.

இதைப் பொறுமையாகப் படியுங்கள். மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்தான் டார்ட். அதற்குப் பதில், கைக்குழியிலிருந்து கீழ்வரை ஓடும் தையலால் வடிவம் கொடுப்பது பிரின்சஸ் கட். டார்ட் வைத்த முன்பக்கத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். தோளிலிருந்து மார்பு முனைக்கு எவ்வளவு என்று உங்கள் உடம்பில் அளந்து குறியுங்கள். சுடிதாரில் அளக்காதீர்கள், சுருக்கத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கைக்குழியின் நடுவிலிருந்து அந்தப் புள்ளி வழியாகக் கீழ் ஓரம்வரை கோடு இழுத்து வெட்டுங்கள். டார்டைக் காகிதத்தில் மடித்து மூடினால், அதன் அகலம் புதுக் கோட்டுக்குள் போய்விடும். இப்போது நடுத்துண்டு, பக்கத்துண்டு என்று இரண்டு. வெட்டிய இரு ஓரங்களிலும் தையலுக்கு அரை அங்குலம் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உடுப்பு இறுகிவிடும். மார்பு முனைக்கு மேலும் கீழும் இரண்டு துண்டுகளிலும் அடையாளம் போடுங்கள்.

தைக்கும்போது பக்கத்துண்டு புடைத்து நிற்கும், நடுத்துண்டு வளைய மறுக்கும். நடுத்துண்டின் தையல் கோட்டில் முதலில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, அந்த ஓட்டைத் தொடாமல் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுங்கள். அப்புறம் அது தானாக வளைந்து கொடுக்கும். முதல் தடவை காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குறிஞ்சிப்பாடி: எங்கள் ஊர்க் கைலித் துணியில் இதைத் தைக்கலாமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கட்டம் போட்ட கைலியில் பிரின்சஸ் கோடு மறைந்துபோகும், வளைவில் கட்டமும் பொருந்தாது. பொருத்தவே முயலாமல் பக்கத்துண்டுகளை மட்டும் கிராஸாக, அதாவது துணியைச் சாய்த்து வைத்து வெட்டுங்கள். நடுவில் நேர்க்கட்டம், இரு பக்கமும் சாய்கட்டம். தெரிந்தேதான் செய்தார்கள் என்று துணியே சொல்லும். கிராஸ் வெட்டுக்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும், இரண்டு கைலி எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர், கல்லூரி மாணவர்: பையன்களுக்கு இல்லையா அக்கா?

இருக்கு தம்பி. ராக்லன் கை (தோள் தையல் இல்லாமல் கழுத்திலிருந்தே தொடங்கும் கை) வைத்த ஹோசியரி டி-ஷர்ட், கறுப்புக் கழுத்து, முடிந்தது. மிஷினில் முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி போடு, சாதா ஊசி பின்னலைக் குத்தி ஓட்டையாக்கும்.

கடலூர் முதுநகர்: எனக்குத் தைக்கத் தெரியாது. டெய்லரிடம் படத்தைக் காட்டினால் போதுமா?

போதாதுங்க. படத்தைப் பார்த்ததும் குட்டைப் பாவாடைதான் அவர் கண்ணில் படும். சரியாகப் பொருந்துகிற சுடிதார் ஒன்றைக் கொடுத்து, நீளத்தை அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள். இரு பக்கமும் பாக்கெட் வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள், போன் முழுதாக உள்ளே போகிற ஆழம். உள்தையலில் ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள், பிறகு பிரித்துவிடலாம். பிரின்சஸ் கட்டுக்கும் பைப்பிங்குக்கும் தனிக்கூலி கேட்பார்கள், முன்னாடியே பேசிவிடுங்கள்.