பக்கத்தில் நிற்பவர்

அன்புள்ள அக்கா,

நான் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு வருடமாகக் கிதார் கற்றுக்கொள்கிறேன். விடுதியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, கிதார் பிடித்தவர்கள் கட்டாயம் கேட்டே ஆகவேண்டிய பத்து ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம், லெட் செப்பலினின் நான்காவது, வான் ஹேலனின் முதலாவது, ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் வை, சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று பேர் சேர்ந்து வாசித்த கச்சேரி என்று ஒன்பது வரை சண்டையில்லாமல் வந்துவிட்டது. பத்தாவது இடத்துக்குத்தான் மூன்று வாரமாகச் சண்டை. நேரடிக் கச்சேரிப் பதிவைச் சேர்க்கலாமா, அக்கூஸ்டிக்கையும் எலக்ட்ரிக்கையும் ஒரே பட்டியலில் வைப்பது சரியா, நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' கிதார் ஆல்பமா இல்லையா என்று ஏகப்பட்ட கேள்விகள். இதற்காகவே ஒரு மாதத்தில் நாற்பது ஆல்பம் கேட்டேன். நேரம் இல்லாததால், கிதார் தனித்து முன்னால் வரும் சோலோ இருக்கும் இடத்துக்குத் தள்ளி அதை மட்டும் கேட்டேன். பத்தாவது எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பழைய கிதாரைப் பாயில் படுக்கவைத்துக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். கல்கத்தாவில் செய்த கிவ்சன். என் சின்ன மாமாவுடையது. அவர் போய் இந்தப் பங்குனியோடு ஆறு வருடம். இருபது வருடத்துக்கு மேல் மேடையில் நின்ற அந்தக் கிதாரில் அவர் ஒரு சோலோகூட வாசித்ததில்லை. உங்கள் கடைசி வரிகளுக்கு வந்ததும் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். நேரடிப் பதிவைச் சேர்க்கலாம். அக்கூஸ்டிக்கும் எலக்ட்ரிக்கும் ஒரே பட்டியலில் தாராளமாக இருக்கலாம். 'நெவர்மைண்ட்' கிதார் ஆல்பம்தான். இதற்கெல்லாம் மூன்று வாரம் சண்டை போட்டிருக்க வேண்டாம்.

ஆனால் சோலோ வரும் இடத்துக்குத் தள்ளிக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது. நேரமில்லை என்று காரணம் வேறு. நாற்பது ஆல்பத்துக்கு நேரம் இருந்திருக்கிறது, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்க நேரம் இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்து, பாயசத்தை மட்டும் வழித்துக் குடித்துவிட்டு எழுந்து போகிறவர், நாற்பது கல்யாணத்தில் சாப்பிட்டேன் என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? நீங்கள் நாற்பது ஆல்பம் கேட்கவில்லை, தம்பி. ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பவர்களை வைத்தே சொல்கிறேன். வான் ஹேலனின் 1978 ஆல்பத்தில் எட்டி வான் ஹேலன் கிதாரை முன்னால் நிறுத்தி வாசிக்கும் அந்தப் புகழ்பெற்ற துண்டு 1 நிமிடம் 42 விநாடிதான். முழு ஆல்பம் சுமார் 35 நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்தார்? குழுவில் வேறு கிதார் கிடையாது. பாடகரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் இந்த 1 நிமிடம் 42 விநாடி வெறும் விரல் வித்தை.

ஹென்ட்ரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 இல் லண்டனுக்குப் போவதற்கு முன்னால் அவர் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர். முன்னால் பாடுகிறவருக்கு இடம் விட்டு, இடைவெளியில் மட்டும் நுழைந்து வெளியே வரும் பாடம் அங்கே படித்தது. 1967 டிசம்பரில் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பத்தில் 'லிட்டில் விங்' தொடங்கும் அரை நிமிடத்தை இன்று இரவே கேளுங்கள். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்துப் போட்டுக் கீழ்ச்சுரத்தைப் பிடிக்கிறார். மிச்ச விரல்கள் பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டையும் பிடிக்கின்றன, அதற்கு நடுவே பாட்டும் பாடுகின்றன. அதைப் பாட்டைத் தாங்கும் ரிதம் என்பதா, முன்னால் வந்து மெட்டு வாசிக்கும் லீட் என்பதா? சோலோவைத் தேடித் தள்ளினீர்கள் என்றால் இந்த அரை நிமிடம்தான் உங்கள் விரலுக்கு அடியில் நசுங்கியிருக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோ கச்சேரியையும் விடப்போவதில்லை. 1980 டிசம்பர் 5, வார்ஃபீல்ட் அரங்கம். முதல் உருப்படியில் பாக்கோ டி லூசியாவும் அல் டி மியோலாவும் மட்டும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் பாக்கோ இடது காதில், அல் டி மியோலா வலது காதில். வலது காது ஓடும்போது நீங்கள் இடது காதுக்குப் போங்கள். பாக்கோ அங்கே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எதிராளி மூச்சு வாங்கும் இடம் எது, அவரை எங்கே தூக்கிவிடலாம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. எப்படித் தெரியாமல் இருக்கும்? பாக்கோ வாசிக்கும் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையில் ஒருவர் முதலில் ஆட்டத்துக்கு வாசிக்கப் பழகவேண்டும், அப்புறம் பாட்டுக்கு, அதற்கும் அப்புறம்தான் தனியாக. பாக்கோ 1969 இலிருந்து வருடக்கணக்காகக் கமரோன் என்ற பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாக வாசித்தவர். அந்த இடது காது அங்கே தயாரானது.

பக்கவாத்தியம் என்ற சொல் இருக்கிற மொழியில் பிறந்துவிட்டு இதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். சபாவில் மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை எல்லோரும் திட்டுகிறோம். நீங்கள் அதற்கு நேர் தலைகீழ். தனிக்கு மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டு, பாட்டு தொடங்கினதும் எழுந்து போகிறீர்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் பெருமை தனியில் மட்டுமா இருந்தது? கீர்த்தனைக்கு அவர் வாசித்ததைக் கேட்கத்தான் பாடகர்களே ஏங்கினார்கள்.

என் மாமா பகலில் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். இரவில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிதார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்றால் இவர்கள் குழு போகும். கொடை நோட்டீஸில் பாடகர் பெயர்கள் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே கீபோர்டு, லீட் கிதார், தபலா, டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும். கடைசியில் 'மற்றும் குழுவினர்' என்று ஒரு வரி. மாமா அந்த வரிக்குள் இருந்தார். நான் பார்த்த எந்த நோட்டீஸிலும் அவர் பெயர் வெளியே வரவில்லை. அத்தை ஒவ்வொரு நோட்டீஸையும் வாங்கிப் பார்ப்பாள், மடித்து அலமாரியில் வைப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

பத்து, பதினொரு வயதில் என்னையும் கூட்டிப்போவார். மேடை ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவருடைய வலது கை மட்டும்தான். அது மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாத் தடவையும் சத்தம் வராது. கூர்ந்து பார்த்தால் நாலு தடவையில் ஒரு தடவை கம்பியைத் தொடாமலே கை கீழே இறங்கி மேலே வரும். இடது கை இன்னும் விசித்திரம். கார்ட் அடித்த மறுநொடி விரலைக் கம்பியிலிருந்து எடுக்கமாட்டார், அழுத்தத்தை மட்டும் விடுவார். 'ஜங்' என்று நீளவேண்டிய ஒலி 'சக்' என்று அறுந்துபோகும்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் மாமா, கம்பியத் தொடாம சும்மா கைய ஆட்டுதீங்க?"

"கை நிக்கக்கூடாதுளா. சத்தம் வருதோ வரலியோ, கை போய்க்கிட்டே இருக்கணும். கை நின்னா பாடுதவன் தடுமாறிருவான்."

லீட் கிதார்காரர் வராத இரவுகள் உண்டு. கீபோர்டுகாரர் அந்த இடங்களை வாசித்துச் சமாளித்துவிடுவார். மாமாவுக்கு ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். அந்த இரண்டு மாதமும் குழு பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. பாடகர் முன்னால் ஓடுவார், டிரம்ஸ்காரர் அவரைத் துரத்துவார். மேடைக்கு முன்னால் ஆடுகிற பையன்கள் பாட்டுக்குப் பாட்டு நின்றுவிடுவார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியாது. மூன்றாவது கொடை முடிந்த மறுநாள் காலையில் அந்த லீட் கிதார்காரரே வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "அண்ணாச்சி, சீக்கிரம் எந்திரிங்க" என்றார்.

சரி, பத்தாவது ஆல்பத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஃப்ரெடி கிரீன் என்று ஒருவர். சவுத் கரோலினாவில் சார்ல்ஸ்டனில் 1911 இல் பிறந்தவர். 1937 இல் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் கிதார் வாசிக்கச் சேர்ந்தார். நடுவில் ஒரு சின்ன இடைவெளியைத் தவிர, 1987 இல் இறக்கும்வரை அதே நாற்காலிதான். 1984 இல் பேஸியே போய்விட்டார், அப்புறமும் இவர் அங்கேதான் இருந்தார். ஏறக்குறைய 50 வருடம், சோலோ என்று சொல்லும்படி வாசித்தது விரல்விட்டு எண்ணுகிற அளவு. டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸஃபோனும் வரிசைகட்டி முழங்குகிற குழுவில் ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிதார். அதில் கம்பிகளை மிக உயரமாக ஏற்றி வைத்திருப்பார், அழுத்தினால் சாதாரண விரல் தாங்காது. ஒரு தாளவட்டத்துக்கு நாலு அடி. ஒவ்வொரு அடிக்கும் பிடித்த கார்டில் ஒன்றிரண்டு சுரம்தான் ஒலிக்கும், மற்றக் கம்பிகள் விரலுக்கு அடியில் ஊமையாக இருக்கும். அடித்த உடனே அழுத்தம் போய்விடும். என் மாமா தூத்துக்குடியில் செய்ததும் இதுதான். அவருக்கு ஃப்ரெடி கிரீனைத் தெரியாது.

1957 அக்டோபரில் அந்தக் குழு பதிவு செய்த ஆல்பம் 'தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி'. அட்டையில் அணுகுண்டு வெடிக்கிற படம் இருக்கும். நீல் ஹெஃப்டி எழுதிய இசை. அதில் 'லில் டார்லின்' என்ற கடைசி உருப்படி மிக மிக மெதுவாகப் போகும். வேகமான பாட்டில் தாளம் பிடிப்பது அப்படியொன்றும் கடினமில்லை, பாட்டே இழுத்துக்கொண்டு போய்விடும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இவ்வளவு வெற்றிடம் இருந்தால் அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். இங்கே ஒருவரும் சாயவில்லை. அடியில் ஒரு கிதார் இருக்கிறது. முதல் தடவை உங்களுக்குக் கேட்காது. டிரம்பெட்டுக்குக் கீழே, பேஸ் வாத்தியத்தின் கீழ்ச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே, மரத்தில் நகத்தால் தட்டுவதுபோல ஒன்று இருக்கும். அதுதான் அவர்.

உங்கள் நண்பர்கள் ஜாஸ் வேண்டாம், ராக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏசி டிசியின் 'பேக் இன் பிளாக்' கேட்கச் சொல்லுங்கள், 1980. பள்ளிச் சீருடையில் மேடை முழுக்க ஓடுகிற அங்கஸை எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் மால்கம், கிதாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகே, கம்பி அதிர்வை வாங்கும் பிக்கப் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி எறிந்துவிட்டு, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தக் குழுவை நடத்தினார். அவருக்கு மறதி நோய் வந்து 2014 இல் விலகினபோது அந்த இடத்தில் நிற்க அவர்கள் குடும்பத்திலேயே இன்னொருவர் வரவேண்டியிருந்தது. ஆனால் என் ஓட்டு பேஸிக்குத்தான்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த பேஸி ஆல்பத்தின் சிடியை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன். மாமா அப்போது மேடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல கிதார் எங்க இருக்கு?" என்றார். "தேடுங்க மாமா" என்று இன்னொரு தடவை போட்டேன். பாதிப் பாட்டில் அவருடைய வலது கை தொடைமேல் போக ஆரம்பித்துவிட்டது. இடது கை காற்றில் அழுத்தி அழுத்தி விட்டது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கை போய்க்கொண்டிருந்தது.

"இவரு எத்தன வருசம் வாசிச்சாரு?"

"அம்பது வருசம் மாமா."

"பேரு போட்டிருக்கானா?"

சிடி அட்டையைப் பிரித்து, கிதார் என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

உங்கள் பத்தாவது இடத்தில் இந்த ஆல்பத்தை எழுதுங்கள். நண்பர்கள் இதில் கிதாரே கேட்கவில்லையே என்று கேட்டால் 'லில் டார்லின்' போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் எல்லோரும் செல்ஃபோனைக் கீழே வைத்து உட்காருங்கள். அதற்குப் பிறகு மற்ற ஒன்பதையும் முதலிலிருந்து கேளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அப்புறம், கிதார் கற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் யாராவது பாடுகிறவர்கள் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு நாலு கார்ட் மட்டும் வாசித்துப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.