லினக்ஸில் கேட் (கணினியில் வரைபடம் போடும்) வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, ஆட்டோகேட் லினக்ஸில் ஓடுமா?

பதில்: லினக்ஸுக்கென்று பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

கேள்வி: வீட்டு பிளான் போடுகிறேன். வருவதெல்லாம் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்புகள். லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் போதுமா சார்?

பதில்: வரையப் போதும், கொடுத்து வாங்கப் போதாது. அது டிஎக்ஸ்எஃப் என்ற வேறு கோப்பு வடிவத்தில்தான் சேமிக்கும். எப்போதாவது ஒரு கோப்பு வந்தால், ஓடிஏ கன்வெர்ட்டரை இலவசமாக இறக்கி மாற்றிக்கொள்ளலாம். தினமும் வந்தால் கியூகேட் கட்டணப் பதிப்பைப் பாருங்கள். டிடபிள்யூஜியைத் திறக்கும், சேமிக்கும்.

ஆட்டோகேட் கட்டளைகள் கையில் ஊறியவர் என்றால் பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் டிடபிள்யூஜிதான் அதன் சொந்த வடிவம், கட்டளைகளும் பெரும்பாலும் அதே. ஒன்றைக் கவனியுங்கள்: ஆட்டோகேடில் வேலையைத் தானாகச் செய்ய எழுதிய பழைய லிஸ்ப் நிரல்கள் லினக்ஸிலும் ஓடும், விபிஏ மேக்ரோக்கள் ஓடாது. சோதனைப் பதிப்பில் உங்கள் கோப்புகளையே திறந்து, பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பரிமாண வேலைக்கு ஃப்ரீகேடை நம்பலாமா?

பதில்: இப்போது நம்பலாம் என்றே சொல்வேன். முன்பெல்லாம் ஆரம்ப ஸ்கெட்சில் (அடிப்படைக் கோட்டு வரைவில்) ஓர் அளவை மாற்றினால், பாகத்தின் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் உள்ளே வைத்த எண்கள் மாறிவிடும். பின்னால் போட்ட ஃபில்லெட்டும் (விளிம்பை வளைவாக்குவது) துளையும் வேறு விளிம்பிலோ முகத்திலோ போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இது பெருமளவு சரியாகிவிட்டது. பாகங்களைப் பொருத்தும் அசெம்ப்ளி வசதியும் அதிலேயே சேர்ந்துவிட்டது.

இருந்தாலும் பழைய நல்ல பழக்கங்களை விடாதீர்கள். ஸ்கெட்சை முடிந்தவரை அடிப்படைத் தளங்களில் வரையுங்கள், முக்கிய அளவுகளை உள்ளே இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் வையுங்கள், ஃபில்லெட்டைக் கடைசியில் போடுங்கள். அப்புறம், வெளியே அனுப்பும்போது ஸ்டெப் கோப்பாக அனுப்புங்கள். பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்கள் அதைத் திறக்கும்.

கேள்வி: பிளெண்டர் தெரியும். அதிலேயே செய்யலாமா?

பதில்: காட்சிக்குச் செய்யலாம். பட்டறைக்குப் போகும் அளவுத் துல்லிய வேலைக்கு வேண்டாம்.

கேள்வி: பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப்?

பதில்: லினக்ஸில் நன்றாக ஓடும். ஆனால் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரின் வரைபடத்தை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கேள்வி: எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடுவது?

பதில்: உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ள) பதிப்பு. ஃப்ரீகேடை மட்டும் அதன் தளத்திலிருந்து ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பாக) எடுங்கள். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம்.